வரப்பில் வைத்து விலை பேசிய தண்ணீர்

போன வாரம், நம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான உங்கள் பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டீர்கள். நான் பாதியில் எழுந்து போய்விட்டேன். கோபித்துக்கொண்டு போனதாக நீங்கள் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. கோபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். முக்கால்வாசி உங்கள்மேல், கால்வாசி என்மேல். வாயைத் திறந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. ஊரப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டுக்குள் எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ அவ்வளவும் நடந்தாயிற்று. பால்கனிக்குப் போய் வானத்தைப் பார்க்கிறேன், உள்ளே வந்து ஃபோனில் மழை ரேடார் படத்தைப் பார்க்கிறேன், மறுபடி பால்கனி. சரி, எழுதியாவது தொலைப்போம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்வி கேட்டது முன்வரிசையில் லேப்டாப் வைத்திருந்த தம்பி. "மேடம், ஏக்கருக்கு எவ்வளவு இழப்பீடு கொடுத்தா ஒரு விவசாயி தன் நிலத்துல தண்ணி நிக்க ஒத்துக்குவார்?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் இருந்திருப்பேன். "இந்த வருஷத்துலேருந்து தாங்கல்காரங்களுக்கு நேரா பேங்க் அக்கவுண்ட்லயே போட்டுடறோம் மேடம். யாரும் யார் இடத்துக்கும் போக வேண்டியதில்ல. உங்க காலத்து அலைச்சல் எல்லாம் இனி கிடையாது" என்றார், எனக்கு ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. அட என் ராஜா, அந்த அலைச்சலில்தானே திட்டமே நின்றுகொண்டிருக்கிறது!

அது எப்படி என்று சொல்கிறேன். உங்களில் பாதிப் பேர் இன்னும் அந்த ஊரைப் பார்த்திருக்கமாட்டீர்கள். பெயர் வேண்டாம். மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கடற்கரைச் சாலையில் போய், மதுராந்தகம் பக்கமாக மேற்கே திரும்பினால், உப்பங்கழி முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே ஒரு தாங்கல். தாங்கல் என்றால் சின்ன ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: மழைத்தண்ணீர் தங்குகிற பள்ளம், கிழக்கே ஒரு கரை, கரையில் தண்ணீர் வெளியே போக ஒரு மடை. நான் அங்கே முதலில் போனபோது தாங்கலில் தண்ணீர் நின்று ஒரு தலைமுறை ஆகியிருந்தது. உள்ளே முழுக்க நெல்தான். போர்வெல் போட்டு சொர்ணவாரி, சம்பா, நவரை என்று வருஷத்துக்கு மூன்று போகம். கரைக்குக் கிழக்கே கடல் பக்கமிருந்த கீழ்வயல்களிலும் அதே மூன்று போகம், அதே போர்வெல். மண்ணுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை.

இப்படி எல்லோரும் சேர்ந்து உறிஞ்சினால் கடல் சும்மா இருக்குமா? உள்ளே வந்துவிட்டது. கீழ்வயல் கிணறுகளில் தண்ணீர் கரித்தது. பயிரின் நுனி கருகியது. டீக்கடையில் பால் திரிந்தது. கீழ்வயல்காரர்களுக்கெல்லாம் முன்னால் நிற்கிறவர் ராஜவேலு. நெல்லும் உண்டு, வாடகைக்கு விடும் டிராக்டர்களும் உண்டு. என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே புலம்பல். "நெம்மேலில கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்கி மெட்ராஸுக்கு அனுப்பிகினு கீறாங்க. எங்க கெணத்துல நல்ல தண்ணி கடல் தண்ணியா ஆயிகினு கீது. எதுனா பண்ணுங்க மேடம். இல்லாங்காட்டி பிளாட்டு போடறவன் கைல குட்த்துட்டு போயிகினே இருக்க வேண்டியதுதான்."

செய்ய ஒரே வழிதான் இருந்தது. தாங்கலில் மறுபடி தண்ணீர் நிற்க வேண்டும். ஐப்பசி மழையைப் பிடித்து மாசி வரை நிறுத்தினால் அது அடியில் இறங்கி உப்பைக் கிழக்கே தள்ளும். கூடவே பறவை வரும், மீன் வரும். உங்கள் அறிக்கைகளில் முதல் பக்கத்தில் பறவைப் படம் போடுகிறீர்கள். போடுங்கள், எனக்கும் நத்தைகுத்தி நாரை பிடிக்கும். ஆனால் ராஜவேலு நாரைக்காகத் தண்ணீர் கேட்கவில்லை, கிணற்றுக்காகக் கேட்டார். தாழைக்கோழி கூட்டமாக வந்து அவர் நாற்றை மேய்ந்தபோது நம்மைத்தான் வாயில் வந்தபடி திட்டினார். அதை மறந்துவிட்டு அந்த ஊருக்குள் போகாதீர்கள்.

சிக்கல் என்னவென்றால், தண்ணீர் நிற்கப்போவது ஒருவர் நிலத்தில், கிணறு இனிக்கப்போவது இன்னொருவர் நிலத்தில். தாங்கலுக்குள் நிலம் வைத்திருந்தவர்கள் காலனிக் குடும்பங்கள்; அந்தத் தெருவை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். அவர்களுடைய தாத்தாக்களுக்கு அரசாங்கம் ஒதுக்கிக் கொடுத்த நிலம் அது. நல்ல நிலமாக இருந்திருந்தால் அவர்கள் கைக்கு ஏன் வரப்போகிறது? முழங்கால் சேற்றில் கிடந்ததை, கூலி வேலைக்குப் போய்வந்த பிறகு தலையில் மண் சுமந்து கொட்டி வயலாக்கினார்கள்.

அதில் மடையை ஒட்டி, எல்லாவற்றையும்விடப் பள்ளமான நிலம் எஸ்தருடையது. நாற்பதுகளில் இருந்தார். வீட்டுக்காரர் இதே ஊரப்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். விவசாயம் முழுக்க எஸ்தர் பொறுப்பு. மடையை அடைக்கும் பலகைகள், கரையோடு சேர்ந்து உயர்ந்து நிற்கும் எஸ்தருடைய வரப்பில்தான் இறங்க வேண்டும். எஸ்தர் மாட்டேன் என்றால் தாங்கலில் ஒரு சாண் தண்ணீர் நிற்காது. மற்ற குடும்பங்களும் எஸ்தர் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

"எங்க தாத்தன் தலையில மண்ணு சொமந்து தூத்த எடம் மேடம் இது. இப்ப நீங்க வந்து தண்ணி நிறுத்துன்றீங்க. நல்லா கீது ஞாயம்" என்றார் முதல் நாள். சரியான கேள்வி. மறுபடி போனேன். மறுபடியும் போனேன். எஸ்தரின் போர்வெல்லிலும் உப்பு ஏற ஆரம்பித்த பிறகுதான் பேச்சு நகர்ந்தது. கடைசியில் எஸ்தரே ஒரு கணக்குச் சொன்னார்: நெல்லுக்கு நெல். சம்பா போட்டிருந்தால் செலவு போக என்ன நிற்குமோ, அந்த நெல்லைக் கீழ்வயல்காரர்கள் எல்லோருமாகச் சேர்த்து அறுவடையில் கொடுத்துவிட வேண்டும். மாசியில் தண்ணீரை வடித்து, ஈரத்திலேயே உளுந்து விதைத்துக்கொள்வார்கள், மோட்டார் செலவில்லை. ராஜவேலுவும் சரி என்றார்.

வார்த்தையை நம்பி எஸ்தர் சம்பாவை விட்டார். அவரை நம்பி மற்றவர்களும் விட்டார்கள். வருஷச் சாப்பாடு அது, புரிகிறதா? நெல் வராமல் போனால் எஸ்தர் அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. பலகை இறங்கியது. மழையும் ஏமாற்றவில்லை. மார்கழியில் தாங்கல் ததும்பிக்கொண்டிருந்தது, கீழே ராஜவேலு கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இனி, அப்போது நம் ஆபீஸுக்கு இயக்குநராக இருந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர். ஜீப்பை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்துதான் உள்ளே வருவார். தங்கமான மனிதர், ஆனால் பழைய விஷயம் எதைக் கண்டாலும் உருகிவிடுவார். களத்தில் நெல்லை அளந்து வீட்டுக்கு எடுத்துப்போகும் முன், ஊருக்கு உழைத்தவர்களுக்கெல்லாம் ஒரு பங்கு கொடுக்கும் வழக்கம் இந்தப் பக்கத்தில் இருந்தது. அதற்கு மேரை என்று பெயர். அதை எங்கேயோ படித்துவிட்டு, "பாத்தியா கலா, ஏரியைப் பாத்துக்கிட்டவங்களுக்கு இந்தச் சீமையில அன்னைக்கே நெல்லு குடுத்திருக்காங்க. நாம புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல!" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எஸ்தர் சொன்ன நெல்லுக்கு நெல் கணக்குக்கு மேரை என்று பெயர் சூட்டி, விழாவுக்கும் நாள் குறித்துவிட்டார். நான் செங்கல்பட்டு டவுனில் வளர்ந்தவள்; எனக்கும் அது அழகாகத்தான் கேட்டது. ஃபிளெக்ஸ் பேனருக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று மட்டும் முணுமுணுத்தேன்.

தையில் அறுவடை. இப்போதெல்லாம் களம் ஏது? மெஷின் வயலுக்குள் இறங்கும், நெல் நேராக வண்டியில் விழும், வண்டி மதுராந்தகம் போய்விடும். இயக்குநர் கேட்டுக்கொண்டதற்காகக் கோயிலுக்குப் பின்னால் கிடந்த பழைய களத்தைச் செதுக்கிச் சாணி தெளித்தார்கள். கீழ்வயல்காரர்கள் ஆளுக்கு ஆள் கொண்டுவந்து ஒரே குவியலாகக் கொட்டினார்கள். பேச்சுக்குக் குறையவில்லை, நிறைவாகவே கொட்டினார்கள். குவியலுக்கு மஞ்சள் குங்குமம், ஒரு மேளம், ஒரு மைக். தலைக்கு மேலே ஃபிளெக்ஸ்: ‘மேரை மரபு மீட்பு விழா’.

"தாங்கல்காரங்க எல்லாரும் வந்து மேரை வாங்கிக்கலாம்" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். மேளக்காரர் அடித்து அடித்து ஓய்ந்துபோய் பீடி பற்றவைத்தார். கிழக்கே கடல் பக்கம் மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. தை மழை எப்போதாவதுதான் வரும், வந்தால் களத்து நெல்லைச் சேறாக்கிவிட்டுத்தான் போகும்.

அப்புறம் எஸ்தர் வந்தார், தனியாக. கையில் சாக்கும் இல்லை, கூடையும் இல்லை. களத்துக்குள் கால் வைக்கவில்லை. ஓரத்தில் ஓர் இடம் பார்த்து நின்றுகொண்டார்.

"இங்கதான். இந்த எடத்துலதான் எங்கப்பா நிப்பாரு" என்றார். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "உள்ள வரக் கூடாது. துண்ட விரிச்சுகினு நிக்கணும். எல்லாம் அளந்து முடிச்சிட்டு, பதரும் நெல்லுமா அள்ளிப் போடுவாங்க. அத்தப் பாத்துகினு நானு பக்கத்துல நின்னுகினு இருந்தேன், பாவாட கட்டின பொண்ணு. அதுக்குப் பேருதான் மேரை. அத்தயா எங்களுக்குத் திருப்பிக் குடுக்கறீங்க?"

ராஜவேலுதான் மெதுவாக, "அது எந்தக் காலத்துக் கதம்மா. இப்ப மரியாதையாத்தான குடுக்கறோம்" என்றார்.

"மரியாதைன்னா எங்க வூட்டாண்ட வரும் அண்ணாத்த. மைக்குல கூப்புடாது." சொல்லிவிட்டு எஸ்தர் திரும்பி நடந்தார். கொஞ்ச நேரத்தில் சேதி வந்தது: தாங்கல்காரர்கள் மடைப் பலகையைத் தூக்குகிறார்கள், தண்ணீரை வடித்துவிட்டு நவரைக்கு நெல் நடப்போகிறார்கள்.

களத்தில் ஒரே கூச்சல். தண்ணீர் போனால் பங்குனிக்குள் கிணறு மறுபடி கரிக்கும். "நெல்லும் குட்த்துட்டு தண்ணியும் போச்சா?" என்று ஒருவர் துண்டை உதறினார். "அப்போ நெல்ல எடுத்துகினு போங்க" என்று யாராவது சொன்னால் அதற்கும் மாட்டேன் என்கிறார்கள்; கொடுக்கவென்று பூஜை போட்ட நெல்லைத் திருப்பி வீட்டுக்குள் எடுத்துப்போனால் குடும்பத்துக்கு ஆகாதாம். அந்தக் குவியல் கொடுத்தவர்களுக்கும் இல்லை, வாங்க வேண்டியவர்களுக்கும் இல்லை. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

இயக்குநரிடம் ஓடினேன். "சார், நீங்க வந்து மன்னிப்பு மாதிரி ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றேன். அவர் முகம் செத்துப்போயிருந்தது. "நான் பேசினா இன்னும் கெடும் கலா. அந்த வார்த்தையைக் கொண்டாந்தவனே நான்தான். நான் அதைப் புஸ்தகத்துல படிச்சவன், அந்தப் பொண்ணு அதைப் பக்கத்துல நின்னு பாத்தவ. நீ போ. எனக்காகப் பேசாத. அவங்களுக்கு என்ன வேணும்னு மட்டும் கேளு" என்றார். பெரிய பதவியில் இருப்பவர்கள் தப்பு நடந்தால் அதை விளக்கியே இன்னும் பெரிதாக்குவதைப் பிறகு எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். அன்றைக்கு அவர் வாயை மூடிக்கொண்டது பெரிய காரியம். நான் ஸ்கூட்டியை எடுத்தேன்.

மடையில் ஒரு பலகை ஏற்கெனவே வெளியே கிடந்தது. தண்ணீர் இரைச்சலோடு உப்பங்கழி பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எஸ்தர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று, அடுத்த பலகையைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். கரைமேல் அந்தத் தெருவே நின்றது. வாத்துக்கூட்டம் ஒன்று எழுந்து வட்டமடித்தது.

நான் பேச ஆரம்பித்தேன். கிணறு, உப்பு, பறவை, கீழே இருக்கிறவர்கள் நிலைமை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். எஸ்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கும் பொறுமை போய்விட்டது. என் குணம் உங்களுக்குத் தெரியுமே. "ஏம்மா, அவ்வளவு நெல்லு அங்க மழையில நனையப்போவுது. வருஷம் முழுக்க என்ன சாப்பிடுவ? நெல்லு வேணாமா உனக்கு?" என்று கத்தினேன்.

கடப்பாரை நின்றது. "வேணும்" என்றார் எஸ்தர். "யாரு வேணான்னது?"

களத்தில் இருந்தவர்களும் சரி, நானும் சரி, நெல்லையே வேண்டாம் என்றுவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அவரை யாரும் கேட்கவில்லை. இயக்குநர் சொல்லியனுப்பியதும் அதுதான், கேள் என்று. நான் வந்த வேகத்தில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.

"அப்புறம் என்னதான் வேணும்? சொல்லும்மா" என்றேன்.

"நெல்லு எங்கூட்து மேடம். அது எங்க வெளச்சலு. அவங்க வயல்ல நெல்லு வெளஞ்சுது, எங்க வயல்ல தண்ணி வெளஞ்சுது. இங்க நெல்லு போட்டா மதுராந்தகத்து யாவாரி இன்னா பண்றான்? வண்டி எடுத்துகினு எங்க வரப்பாண்ட வரான். கையில தராசு எடுத்தாரான். வெல பேசறான். படிஞ்சா தூக்கறான், படியலேன்னா போறான். நான் போயி அவங்கிட்ட துண்ட விரிச்சா நின்னேன்? தண்ணி வேணுமில்ல? இங்க வந்து வாங்கட்டும். எங்க வரப்புல, எட போட்டு."

கரைமேல் நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இவ்வளவு நேரான ஒரு வியாபாரத்துக்கு நாங்கள் மஞ்சள் குங்குமம் வைத்து மேளம் அடித்திருக்கிறோமே!

"ராஜவேலுவைக் கூட்டிட்டு வரேன். அதுக்குள்ள தண்ணி பூரா போயிடும். பலகையைப் போடு எஸ்தர்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். நெம்பிக்கொண்டிருந்த பலகையை மிதித்து மறுபடி உள்ளே இறக்கினார். வெளியே கிடந்ததைக் காட்டி, "இது அவரு வந்தாதான். மழ வரங்காட்டியும் வரச் சொல்லுங்கோ" என்றார். அந்தப் பலகை இருந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

களத்துக்குத் திரும்பினால் முதல் தூறல் விழுந்துவிட்டது. இயக்குநர் ஒரு காரியம் செய்திருந்தார். ஃபிளெக்ஸை அவரே கிழித்து இறக்கி, குவியல்மேல் போர்த்தி, காற்றில் பறக்காமல் ஒரு மூலையைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றார். "எழுத்து உள்பக்கமா இருக்கட்டும்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ராஜவேலுவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நானு காலனிக்குப் போயி நிக்கணுமா? குடுக்கறவன் போயி நிக்கறதா? எங்க ஜனம் இன்னா பேசும்?"

"மேரை குடுக்கறவர் போக வேண்டியதில்ல. தண்ணி வாங்கறவர் போய்த்தான் ஆகணும்" என்றேன். "உங்க டிராக்டரை வாடகைக்குக் கேட்கறவன் உங்க வீட்டு வாசலுக்குத்தானே வரான்? நீங்க தூக்கிட்டு அவன் வாசலுக்கா போறீங்க?"

"பேஜாரு புட்ச்ச பொம்பள மேடம் நீங்க."

"ஆமா. பலகை வெளியதான் இருக்கு. தண்ணி போயிட்டே இருக்கு."

அவர் அங்கேயே நின்றார். கீழ்வயல்காரர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் போனால் போவார்கள், போகாவிட்டால் அந்த நெல் அங்கேயே முளைத்துவிடும். எனக்குக் கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை; ஸ்கூட்டிச் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தேன். தூறல் பெரிதாகி, அவர் மொட்டைத் தலையில் வழிய ஆரம்பித்தது. திடீரென்று திரும்பி ஒரு சத்தம் போட்டார். "இன்னாடா வேடிக்க பாத்துகினு கீறீங்கோ? சாக்க எடு. வண்டியக் கொண்டா. தராசு எங்கடா?"

அதன்பிறகு நடந்த வேலையை நினைத்தால் இப்போதும் மூச்சு வாங்குகிறது. ஆளாளுக்கு நெல்லை அள்ளிச் சாக்கில் போட்டார்கள். ஃபிளெக்ஸை டிராக்டர் டிரெய்லர்மேல் இழுத்துக் கட்டினார்கள். தாங்கல் கரைத் திருப்பத்தில் வண்டி சேற்றில் அமிழ்ந்துவிட்டது. அங்கிருந்து எஸ்தரின் வரப்பு வரைக்கும் கீழ்வயல்காரர்கள் மூட்டையை முதுகில் ஏற்றி நடந்துதான் கொண்டுவந்தார்கள். ராஜவேலு எலக்ட்ரானிக் தராசைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். வழுக்கிவிடப் போகிறாரே என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

எஸ்தர் வரப்புமேல் ஒரு தார்ப்பாயைக் கட்டி வைத்திருந்தார். தராசு அதன் கீழே ஏறியது. மூட்டைக்கு மூட்டை எடை. எஸ்தர் எட்டிப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல, தெரு திருப்பிச் சொன்னது. ஒரு மூட்டையில் கை காட்டி நிறுத்தினார்.

"இது கொறையுது."

எல்லோரும் ராஜவேலுவைப் பார்த்தார்கள். இத்தனை தூரம் நடந்துவந்து, நனைந்து, தராசைச் சுமந்தவர். எனக்கு, முடிந்தது கதை என்றுதான் தோன்றியது. அவர் தராசைக் குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இன்னாடா, கொறையுதாமே!" என்று பின்னால் திரும்பிக் கத்தினார். "வண்டில சிந்தினத வாரிகினு வா. யாவாரம்னா எட சரியா இருக்க வேணாமா?"

யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் இரண்டு பக்கமும் சிரித்தது. எஸ்தர் சிரிக்கவில்லை. எடை சரியாகும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்கி அந்தப் பலகையைப் போட்டார். இரைச்சல் நின்றது. மழை மட்டும் கேட்டது.

எஸ்தர் வீட்டிலிருந்து டீ வந்தது. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு ராஜவேலுவிடம் நீட்டியபோது, "எனக்கு சுகரும்மா" என்றார். "சக்கர போடாமத்தான் கீது, குடிங்க" என்றார் எஸ்தர். அவர் டம்ளரை வாங்கிக் கையிலேயே வெகுநேரம் வைத்திருந்தார். அது ஆறிப்போயிருக்கும். ஆனாலும் குடித்தார். அன்றோடு அந்த ஊர் மாறிவிட்டது என்று நான் உங்களுக்குக் கதை விடமாட்டேன். கோயில் விஷயம் அப்படியேதான் இருக்கிறது, சுடுகாடு இரண்டுதான். ஆனால் வருஷா வருஷம் புரட்டாசி முடிவதற்குள் ராஜவேலு எஸ்தரின் வரப்புக்கு வந்து விலை பேச வேண்டும். பேச்சு படிந்த பிறகுதான் பலகை இறங்கும். ஒரு வருஷம் உளுந்து விலை ஏறியது என்று எஸ்தர் கூட்டிக் கேட்டார். ஒரு வருஷம் தாழைக்கோழி நாசத்தைச் சொல்லி ராஜவேலு குறைத்தார். சண்டை போட்டுக்கொள்வார்கள், நடுவில் நான் நின்று இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவேன். தாங்கலில் இன்றைக்கும் தண்ணீர் நிற்கிறது என்றால் அந்தச் சண்டையால்தான்.

ஆகவே லேப்டாப் தம்பி, பணத்தை வங்கியில் போடுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்லதுதான், மூட்டை தூக்க வேண்டாம். ஆனால் விலையை நம் ஆபீஸில் உட்கார்ந்து நாமே தீர்மானித்து, கீழ்வயல்காரர்களிடம் வசூலித்து அக்கவுண்டில் போட்டுவிட்டு, யாரும் யாரிடமும் போக வேண்டியதில்லை என்றீர்களே, அதுதான் என்னை வெளியே துரத்தியது. எவ்வளவு கொடுத்தால் சம்மதிப்பார் என்று கேட்டீர்கள். எஸ்தர் அன்றைக்குக் கடப்பாரை எடுத்தபோது நெல்லில் ஒரு குறையும் இல்லை, குவியல் நிறைவாகத்தான் இருந்தது. அதைக் கணக்கில் எங்கே எழுதுவீர்கள்?

பயமும் இருக்கிறது எனக்கு, ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த வருஷம் பணம் எஸ்தரின் அக்கவுண்டுக்கே போய்விடும் என்று ராஜவேலுவின் காதுக்கும் போயிருக்கும். நான் ஏன் போக வேண்டும் என்று அவர் உட்கார்ந்துவிட்டால்? புரட்டாசி முடியப்போகிறது. கடலில் ஏதோ கிளம்பியிருக்கிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். இதை எழுத ஆரம்பித்ததிலிருந்து எத்தனை தடவை எழுந்து மேகத்தைப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. ரிட்டயர் ஆனவளுக்கு என்ன வேலை, பேசாமல் இரு என்று என்னையே திட்டிக்கொண்டேன். கேட்கவில்லை. சற்று முன் எஸ்தருக்கு ஃபோனைப் போட்டுவிட்டேன்.

வெகுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தார்.

"எஸ்தர், பலகை எறக்கியாச்சா? மழை வருதாமே."

"எறக்கல மேடம்."

"ஏம்மா? அவர் வரலையா?"

"வந்துட்டாரு. காலையிலேருந்து நாற்காலி போட்டு இங்கதான் குந்த வெச்சிருக்கேன். துட்டு பேங்க்ல போனா போவட்டும், வெலய எங்கிட்டதான் பேசணும்னு வந்துகீறாரு. இன்னும் படியல." பின்னால் ராஜவேலு ஏதோ சத்தம் போடுவது கேட்டது. எஸ்தர் அவருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "வெச்சிடறேன் மேடம். யாவாரம் நடந்துகினு கீது."